கலாபகோஸ்: படகிலா, கரையிலா?

தென் அமெரிக்காவின் ஈக்வடாரைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளுக்குப் போவதென்று முடிவெடுத்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். எட்டு நாள் படகிலேயே தங்கித் தீவு தீவாகச் சுற்றுவதா, இல்லை ஊரில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் கடலுக்குப் போய் வருவதா? படகு விற்பவர்களைக் கேட்டால் படகு என்பார்கள், விடுதி வைத்திருப்பவர்களைக் கேட்டால் விடுதி என்பார்கள். கடைசியில் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம்.

நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். எந்த விலங்கைப் பார்க்காமல் திரும்பினால் உங்களுக்கு மனசு ஆறாது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் படகா கரையா என்பது பாதி தீர்ந்த மாதிரி.

ஏனென்றால் இங்கே தீவுக்குத் தீவு விலங்கு மாறும். ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி, கடலடி எரிமலைகள் எழும்பி உருவான தீவுகள் இவை. பெருநிலத்தோடு ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. மிதந்தோ பறந்தோ வந்து சேர்ந்த உயிர்கள் இங்கே குடியேறி, ஒவ்வொரு தீவிலும் தனித்தனியாக மாறிக்கொண்டே போயின. 1835இல் டார்வின் ஐந்து வாரம் இங்கே இருந்தபோது, ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார் அங்கிருந்த துணை ஆளுநர்.

பயணத் திட்டம் போடுகிறவருக்கு இது வெறும் அறிவியல் செய்தி அல்ல. பறக்காத நீர்க்காகம் உலகத்திலேயே ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும்தான் வாழ்கிறது. கலாபகோஸ் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஏறக்குறைய முழுவதுமே எஸ்பன்யோலா என்ற ஒரே தீவில் குஞ்சு பொரிக்கிறது. திமிங்கலச் சுறாவுக்கு வடக்குக் கோடியில் இருக்கும் டார்வின், வுல்ஃப் என்ற இரண்டு பாறைத் தீவுகள். போகும் தீவு தவறிப்போனால் எத்தனை நாள் தங்கினாலும் அந்த விலங்கு கண்ணில் படாது. நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. பூங்காவின் பெரும்பாலான இடங்களில் நீங்களாகப் போய் இறங்க முடியாது. அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர் என்ற கணக்கில், குறித்த பாதையில்தான் நடக்க வேண்டும். காலை 6 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அங்கே ஆள் இருக்கக் கூடாது. ஆகவே, எந்தத் தீவு என்பதை உங்கள் கால்கள் தீர்மானிக்காது, நீங்கள் வாங்கும் சீட்டுதான் தீர்மானிக்கும்.

கரையில் தங்கினால்

கரையில் தங்குவது ஏழைக்கேற்ற இரண்டாம்தரத் தேர்வு என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மக்கள் வாழும் தீவுகள் நான்கு: சாண்டா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, ஃபுளோரியானா. இவற்றில் முதல் மூன்றில் தங்கினாலே ராட்சத ஆமை, கடல் இகுவானா என்ற பெரிய பல்லி, கடற்சிங்கம், நீலக்கால் பூபி என்ற கடற்பறவை, ஃபிரிகேட் பறவை, பச்சை ஆமை, வெண்நுனிப் பாறைச் சுறா எல்லாம் பார்த்துவிடலாம். இசபெலாவில் புவேர்ட்டோ வில்லமில் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் லாஸ் தின்தொரேராஸ் பாறைத்திட்டுகளில் பென்குயின்கூட உண்டு. பூமத்திய ரேகையை ஒட்டி வாழும் ஒரே பென்குயின் இனம் அது.

சில இடங்களில் விலங்கைத் தேடிப் போகவே வேண்டாம். சாண்டா குரூஸின் புவேர்ட்டோ அயோராவில் கடலோரத்தில் ஒரு சின்ன மீன் சந்தை இருக்கிறது. நீளமான ஒரு மேடை, மேலே கூரை, அவ்வளவுதான். மீன் வெட்டுகிற பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்சிங்கம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் நாலைந்து கூழைக்கடாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். தோலோ குடலோ மேடையிலிருந்து விழுந்தால் முதலில் பாய்வது யார் என்பதில் தினமும் சண்டை. கத்தியை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் கடற்சிங்கத்தின் மூக்கைத் தள்ளிவிட்டு அந்தப் பெண் அடுத்த மீனை எடுப்பார். இதற்குக் கட்டணம் கிடையாது, வழிகாட்டி தேவையில்லை, எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் கரையின் பெரிய பலம். படகில் எல்லாம் மணி அடித்த மாதிரி நடக்கும்: இறங்கு, நட, ஏறு, சாப்பிடு, குதி, ஏறு. கரையில் ஒரு விலங்கு பிடித்துப்போனால் மறுநாளும் அதே இடத்துக்குப் போகலாம். சான் கிறிஸ்டோபலில் ஊரை ஒட்டிய கடற்கரைகளில் கடற்சிங்கக் கூட்டம் மாலையானால் மணலை ஆக்கிரமித்துக்கொள்ளும். குட்டி பால் குடிப்பது, பெரிய ஆண் கத்திக்கொண்டே எல்லையைக் காப்பது, அம்மாவைத் தேடிக் குட்டி அழுவது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இசபெலாவில் கோன்சா தே பெர்லா என்ற குட்டி விரிகுடா படகுத் துறையிலிருந்து நடக்கும் தூரம். முகமூடியும் மூச்சு விடுவதற்கான ஸ்நார்க்கெல் குழாயும் இருந்தால் போதும், ஆமையும் கடல் இகுவானாவும் உங்களோடு நீந்தும்.

ஆமைக்குச் சாண்டா குரூஸின் மேட்டு நிலம். பூங்கா எல்லையை ஒட்டிய பண்ணைகளுக்குள் காட்டு ஆமைகள் தாமாகவே வந்து மேய்கின்றன. புல்லைக் கடித்துப் பிய்க்கும் சத்தம் பத்தடி தள்ளி நின்றாலே கேட்கும். ஊருக்குள் இருக்கும் இனப்பெருக்க மையத்தில் குஞ்சு ஆமைகளைப் பார்க்கலாம். பின்டா தீவின் கடைசி ஆமையாக இருந்து 2012 ஜூன் 24 அன்று இறந்துபோன ‘தனியன் ஜார்ஜ்’ஜின் பாடம் செய்த உடலும் அங்கே கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. படகுப் பயணங்களிலும் ஆமை பார்க்க அரை நாள் ஒதுக்குவார்கள், ஆனால் அது பெரும்பாலும் அவசர அரை நாள்.

சரி, ஊரிலிருந்து எட்டாத தீவுகளுக்கு? பகல் பயணம். சாண்டா குரூஸிலிருந்து வடக்கு சீமோர், பார்ட்டோலோமே, தெற்கு பிளாசா. சான் கிறிஸ்டோபலிலிருந்து கிக்கர் ராக் என்கிற செங்குத்துப் பாறை. அதன் பிளவுக்குள் நீந்தினால் கீழே சுறாக்கள் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் கொம்பன் சுறாவும். அதே தீவின் கிழக்கு நுனியான பூந்தா பிட்டுக்கும் பகல் பயணம் உண்டு. நீலக்கால், சிவப்புக்கால், நாஸ்கா என்று மூன்று பூபியும் ஒரே இடத்தில் இருக்கும் முனை அது. சிவப்புக்கால் பூபிக்குப் படகு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எஸ்பன்யோலாவுக்கும் சான் கிறிஸ்டோபலிலிருந்து பகல் பயணம் இருக்கிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பூந்தா சுவாரெஸில் இறக்குவார்களா? அல்பட்ராஸ் இருப்பது அங்கேதான். தீவின் மறுபக்கத்தில் இருக்கும் கார்ட்னர் விரிகுடாவில் மட்டும் இறக்கினால் அழகான வெள்ளை மணலும் கடற்சிங்கமும் கிடைக்கும், பறவை கிடைக்காது.

கரையின் குறை நேரம். வேகப்படகில் போகவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிவிடும் இடங்கள் பல. நீங்கள் போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும், இகுவானா நிழலுக்குள் போயிருக்கும், படம் எடுக்கிறவர்களுக்கு வெளிச்சம் கெட்டிருக்கும். படகுக்காரர்கள் அதே இடத்தில் காலை ஆறரைக்கு இறங்கி முடித்திருப்பார்கள். தீவுக்குத் தீவு மாறுவதும் லேசுப்பட்ட வேலை அல்ல. சாண்டா குரூஸிலிருந்து இசபெலாவுக்கோ சான் கிறிஸ்டோபலுக்கோ வேகப்படகில் சுமார் இரண்டு மணி நேரம், ஒரு வழிக்கு 30 டாலருக்கு மேல். அலை இருக்கும் நாளில் அந்த இரண்டு மணி நேரமும் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே போகலாம். இசபெலாவும் சான் கிறிஸ்டோபலும் எதிரெதிர் பக்கங்களில் இருப்பதால் பெரும்பாலும் சாண்டா குரூஸில் இறங்கி மாறித்தான் போக வேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். கடல் குமட்டலுக்குப் பயந்து கரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். மெதுவாகப் போகும் பெரிய படகைவிட இந்தச் சின்ன வேகப்படகுதான் வயிற்றைப் புரட்டும்.

படகில் தங்கினால்

படகின் பலத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நீங்கள் தூங்கும்போது அது ஓடுகிறது. மாலை ஆறுக்கு மேல் பூங்காவில் யாரும் இருக்கக் கூடாது என்பதால் படகுகள் இரவில்தான் நீண்ட தூரம் கடக்கின்றன. காலையில் எழுந்து பார்த்தால் வேறு தீவு. அதனால்தான் ஊரிலிருந்து பகலில் போய் வர முடியாத இரண்டு திசைகள் படகுக்கு மட்டும் திறந்திருக்கின்றன: மேற்கும் வடகிழக்கும்.

மேற்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குரோம்வெல் நீரோட்டம் என்று ஒன்று கடலுக்கடியில் மேற்கிலிருந்து கிழக்காக வருகிறது. இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் அதன் வழியில் சுவர் மாதிரி நிற்பதால் அடியில் இருக்கும் குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே எழும்புகிறது. அதனால் மீன், மீனால் பென்குயின், நீர்க்காகம். பென்குயின்களில் பெரும்பகுதி இங்கேதான். இந்தக் குளிர்த் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1982–83இல் கடல் நீரைச் சூடாக்கிய எல் நினோ சாட்சி. பென்குயின்களில் முக்கால்வாசி அப்போது அழிந்தன.

ஃபெர்னாண்டினாவில் மனிதர் கிடையாது, பூனை எலி என்று வெளியிலிருந்து வந்த பாலூட்டி எதுவும் கிடையாது. தீவே ஒரு எரிமலை. 2024 மார்ச்சில்கூட வெடித்து, குழம்பு கடலை நோக்கி ஓடியது. பூந்தா எஸ்பினோசா என்ற முனையில் இறங்கினால் கறுத்து உறைந்த குழம்புப் பாறை. அந்தப் பாறையில் ஒரு பகுதி அசையும்போதுதான் அது இகுவானா என்று தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் படுத்திருக்கும். கடலுக்குள் போய்ப் பாசியை மேய்ந்துவிட்டு வந்ததில் சேர்ந்த உப்பை மூக்கு வழியாகச் சீறித் துப்பும். உங்கள் கால்சட்டையிலும் தெறிக்கும்.

கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஓரத்தில் நீர்க்காகம். நம் ஊர்க் குளங்களில் பார்க்கிற நீர்க்காகத்தைவிட உடம்பு பெரிது, கண் பளிச்சென்ற நீலப்பச்சை. மீன் பிடித்துவிட்டு ஏறி வந்ததும் மற்ற நீர்க்காகங்களைப் போலவே சிறகை விரித்துக் காய வைக்கும். ஆனால் விரிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நைந்துபோன விசிறி மாதிரி இரண்டு குட்டைச் சிறகு, அவ்வளவுதான். தரையில் துரத்த எதிரி இல்லை, இரை பக்கத்துத் தண்ணீரிலேயே இருக்கிறது, பறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஆண் பறவை வாயில் கடற்பாசியைக் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கொடுக்கும். அது வாங்கிக் கூட்டின் ஒரு ஓரத்தில் சொருகிக்கொள்ளும். இந்த ஒரு காட்சிக்காகவே மேற்குச் சுற்று எடுக்கலாம் என்பது என் கட்சி.

வடகிழக்கில் ஹெனோவேசா. நொறுங்கி உள்வாங்கிய எரிமலை வாய்க்குள் கடல் புகுந்த தீவு. படகு அந்த வாய்க்குள்ளேயே போய் நங்கூரம் போடும். புதரெல்லாம் சிவப்புக்கால் பூபி. பாறைச் சுவரில் படி ஏறி மேலே போனால் பெட்ரல் என்னும் சின்னக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் பொந்துகளைச் சுற்றிப் பறக்கும். அந்தப் பொந்துகளுக்குப் பக்கத்தில் பாறை நிறத்திலேயே ஓர் ஆந்தை, பட்டப்பகலில், அசையாமல் நிற்கும். பறவைக்காகவே வருகிறவர்கள் மேற்கைவிட இதைத்தான் மேலே வைப்பார்கள். ஆனால் ஹெனோவேசாவுக்குப் போகும் இரவுக் கடல் பெரும்பாலும் ஆட்டம் போடும்.

இனி, படகு விற்பவர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடாத விஷயத்துக்கு வருகிறேன். 2012 முதல் ஒரு படகு, சில இடங்கள் நீங்கலாக, ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் முறை போகக் கூடாது என்று விதி. கூட்டத்தைப் பரப்புவதற்காக வந்த நல்ல விதிதான். இதனால் ஒவ்வொரு படகும் இரண்டு வாரச் சுற்று ஒன்றைப் போட்டு, அதைத் துண்டு துண்டாக எட்டு நாள், ஆறு நாள், ஐந்து நாள், நாலு நாள் என்று விற்கிறது. ஒரே படகின் ஒரு வாரம் மேற்கே போகும், அடுத்த வாரம் எஸ்பன்யோலா பக்கம் போகும். ஆகவே படகின் பெயரையோ நட்சத்திரத்தையோ பார்க்காதீர்கள்; உங்கள் தேதியில் அது எங்கே போகிறது என்று பாருங்கள். மேற்குச் சுற்றுப் போகும் சாதாரணப் படகு, நடுத் தீவுகளையே சுற்றும் சொகுசுப் படகைவிட எத்தனையோ மேல். குளியலறைப் பளிங்கைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?

நாலு நாள் பயணம் என்பதையும் நம்ப வேண்டாம். முதல் நாள் மதியம்தான் விமானம் இறங்கும். அன்று ஒரு மாலை நடை. கடைசி நாள் காலையில் ஒரு இடம் காட்டிவிட்டு விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள். நடுவில் முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். மேற்குக்கு அது போதாது. அந்தப் பணத்தில் கரையில் ஒரு வாரம் நன்றாகவே இருக்கலாம். அதனால் என் முடிவு கொஞ்சம் கடுமையானது: எட்டு நாள் படகுக்கு வழி இருந்தால் படகு, நாலு நாள் படகுக்கு மட்டும்தான் வழி என்றால் படகை விட்டுவிடுங்கள், கரைக்கே போங்கள்.

படகின் அளவு என்று பார்த்தால், 16 பேர் படகுதான் அதிகம். ஒரு வழிகாட்டி, ஒரே குழு, இறங்குவதும் ஏறுவதும் சட்டென்று முடியும். 100 பேர்வரை ஏற்றும் கப்பல்களும் உண்டு. ஆட்டம் குறைவு, பெரும்பாலும் மருத்துவர் இருப்பார், ஆனால் கரையில் இறங்கக் குழு குழுவாகக் காத்திருக்க வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல. சின்னப் படகிலேயே போவதென்றால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பக்கவாட்டில் குறைவாக ஆடும். அறை, கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் கிடைத்தால் நல்லது. மேல்தளத்து அறைக்குக் கூடுதல் பணமும் கொடுத்து, கூடுதலாக ஆடிக்கொண்டும் தூங்குவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அப்புறம், கப்பலிலிருந்து கரைக்கு ‘பங்கா’ என்கிற ரப்பர்ப் படகில்தான் போக வேண்டும். சில இடங்களில் பாறையில் கால் வைத்து ஏற வேண்டும், சில இடங்களில் முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் கரையைத்தான் சொல்வேன். பல படகுகள் அவர்களை ஏற்பதே இல்லை. ஏற்றாலும், எட்டு நாள் ஒரு படகுக்குள் ஐந்து வயதுப் பிள்ளையை அடக்கி வைப்பது அந்தப் பிள்ளைக்கும் மற்ற 15 பேருக்கும் தண்டனை.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் இந்த விவாதத்துக்குள்ளேயே வர வேண்டியதில்லை. டார்வின், வுல்ஃப் தீவுகளுக்கு டைவிங் படகுகள் மட்டும்தான் போகின்றன. கரையில் இறங்குவது கிடையாது, எல்லாம் தண்ணீருக்கடியில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கலச் சுறா, கூட்டம் கூட்டமாகக் கொம்பன் சுறா. நீரோட்டம் கடுமை, அனுபவம் இல்லாதவர்களுக்கு ஆகாது. இந்தப் படகுகளில் நிலத்து விலங்குகளுக்கு அதிக நேரம் கிடைக்காது என்பதால் பின்னால் நாலு நாள் கரையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எந்த மாதம்

படகா கரையா என்பதைவிட இது சில சமயம் பெரிய விஷயம். அல்பட்ராஸ் பார்க்க ஆசைப்பட்டு பிப்ரவரியில் எஸ்பன்யோலாவுக்குச் சீட்டு வாங்கினால், வெறும் குன்றைத்தான் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தப் பறவைகள் கடலில் எங்கோ இருக்கும். மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் திரும்பி வந்து டிசம்பர்வரை இருக்கும். ஜோடிகள் எதிரெதிரே நின்று அலகை அலகோடு தட்டி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து, குனிந்து, மறுபடி தட்டி என்று நெடுநேரம் ஆடும். இரண்டு மீட்டருக்கும் மேல் விரியும் சிறகை வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழும்ப முடியாமல் குன்றின் விளிம்புவரை தள்ளாடித் தள்ளாடி நடந்து போய் அங்கிருந்து காற்றில் விழும். விழுந்த நொடியே அந்தத் தள்ளாட்டம் காணாமல் போய்விடும்.

ஜனவரி முதல் மே வரை வெப்பக் காலம். கடல் அமைதி, தண்ணீர் இதமானது, அவ்வப்போது மழை, நிலம் பச்சை. கடல் ஆமை முட்டையிடுவது இந்தக் காலத்தில். எஸ்பன்யோலாவின் கடல் இகுவானாக்கள் சிவப்பும் பச்சையுமாக நிறம் ஏறி இருப்பதும் ஆண்டின் இந்தத் தொடக்க மாதங்களில்தான். நீச்சலில் நம்பிக்கை குறைவானவர்கள், குமட்டலுக்குப் பயப்படுபவர்கள் இப்போதே போகலாம். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர் காலம். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் ஏறி வரும், வானம் மூடியிருக்கும், மேட்டு நிலங்களில் சாரல். தண்ணீர் குளிரும், வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சல் உடை இல்லாமல் அரை மணி நேரம் தாங்காது. ஆனால் உணவு பெருகுவதால் கடற்பறவைகள் மும்முரமாக இருக்கும், கடற்சிங்கங்கள் குட்டி போடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை கடல் முரடு. செப்டம்பரில் பல படகுகள் பராமரிப்புக்காகக் கரையேறிவிடும் என்பதால் தேர்வும் குறையும்.

என்னைக் கேட்டால் மே. அல்பட்ராஸ் வந்திருக்கும், நீலக்கால் பூபி காலைத் தூக்கித் தூக்கி ஆடத் தொடங்கியிருக்கும், தண்ணீர் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது. பள்ளி விடுமுறை அந்த மாதத்தில் வராதவர்களுக்கு நவம்பர் இரண்டாவது.

பணம்

ஈக்வடாரில் புழங்குவது அமெரிக்க டாலர்தான். வெளிநாட்டவர் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக ஏறியது. 12 வயதுக்குக் கீழே பாதி. இதைத் தவிர, பெருநில விமான நிலையத்திலேயே வாங்க வேண்டிய பயணக் கட்டுப்பாட்டு அட்டைக்கு 20 டாலர். பெருநில நகரங்களான குவாயாக்கில் அல்லது கீட்டோவிலிருந்து தீவுக்குப் போய்வர விமானம் சுமார் 400 டாலர். இவ்வளவும் படகு, கரை இரண்டுக்கும் பொது. வித்தியாசம் இதற்குப் பிறகுதான்.

எட்டு நாள் படகு, நடுத்தரத்தில் ஒருவருக்கு 3,000 முதல் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொகுசுக்கு அதற்கு மேல் எவ்வளவும் போகும். தனியாகப் போகிறவர் அறையை யாரோடாவது பகிர்ந்துகொள்ளாவிட்டால் பாதிக்கு மேல் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். வெட்சூட் வாடகை, ஊழியர்களுக்கான அன்பளிப்பு பெரும்பாலும் தனி. கரையில் செலவு எகிறுவது அறையால் அல்ல, பகல் பயணங்களால். ஒவ்வொன்றும் 150 டாலரிலிருந்து 250 டாலர், எஸ்பன்யோலா போன்றவை இன்னும் கூட. தினமும் ஒரு பகல் பயணம் போட்டால் கரையில் தங்கியும் மலிவான படகின் விலையைத் தொட்டுவிடுவீர்கள். அப்படிச் செய்வதானால் படகே மேல். கரையின் லாபம் ஒருநாள் விட்டு ஒருநாள் காசில்லாத கடற்கரையில் உட்காரத் தெரிந்தவர்களுக்குத்தான். பெரும்பாலான செலவுக்கு ரொக்கம் வேண்டும். இசபெலாவில் ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டையும் கலப்பது பலர் சொல்லும் வழி. ஐந்தாறு நாள் படகு, பிறகு மூன்று நான்கு நாள் கரை. நேரம் இருந்தால் நல்ல யோசனைதான், ஆனால் வரிசை முக்கியம்: படகு முதலில். கரையில் சுற்றிக் களைத்த பிறகு படகின் ஐந்தரை மணி எழுப்புதல் கசக்கும். தவிர, படகில் எந்தத் தீவு விடுபட்டது என்று தெரிந்த பிறகு கரையிலிருந்து அதற்கு ஏற்ற பகல் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். மேற்குச் சுற்றுப் படகில் போனவர் பிறகு சான் கிறிஸ்டோபலில் தங்கி எஸ்பன்யோலாவுக்கு ஒருநாள் போய் வந்தால், இந்தத் தீவுக்கூட்டத்தில் நிலத்திலிருந்து பார்க்க வேண்டியவற்றில் ஹெனோவேசாவைத் தவிர அதிகம் மிச்சமிருக்காது.

இன்னொரு கோணமும் உண்டு. 2023இல் இங்கே வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். படகுகளில் இருக்கும் படுக்கைகளுக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஊரில் கட்டும் விடுதிக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லை. கூட்டம் பெருகுவதெல்லாம் கரைப் பக்கம்தான். மறுபக்கம், கரையில் தங்குகிறவரின் காசு சாப்பாட்டுக் கடை, டாக்சி, வாடகை மிதிவண்டி என்று அந்த ஊர்க்காரர்கள் கைக்கே நேராகப் போகிறது. இதில் எது நியாயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

முன்பதிவு விஷயத்தில், குறிப்பிட்ட சுற்று வேண்டும் என்பவர்கள் எட்டு, பத்து மாதம் முன்பே பேசிவிட வேண்டும். தேதியில் பிடிவாதம் இல்லாத தனி ஆளாக இருந்தால் புவேர்ட்டோ அயோராவுக்கே போய், தெருவில் வரிசையாக இருக்கும் பயண அலுவலகங்களில் கடைசி நேரக் காலியிடம் கேட்கலாம். விலை நன்றாகவே குறையும், ஆனால் மேற்குச் சுற்றுதான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எந்த வழியானாலும் ஒவ்வொரு நாளும் இறங்கும் இடத்தின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘இசபெலா’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, அது 100 கி.மீ. நீளமுள்ள தீவு, தெற்கே வில்லமிலில் இறக்கிவிட்டாலும் இசபெலாதான்.

பயண நாளுக்கு முந்தின நாளே குவாயாக்கிலிலோ கீட்டோவிலோ இருந்துவிடுவது நல்லது, வெளிநாட்டு விமானம் தாமதமானால் படகு உங்களுக்காக நிற்காது. இரண்டில் குவாயாக்கில் வசதி. கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நீண்ட பயணம் முடித்து இறங்கியதும் சிலருக்குத் தலை வலிக்கும். பையில் பழம், விதை எதுவும் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். நடைபயணக் காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் வீட்டிலேயே கழுவிவிடுங்கள்.